ஓசூர்ப் பக்கம் பணியேற்ற புதிய ஆசிரியை: பிள்ளைகளின் தெலுங்கை நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கேள்வி கேட்பவர்: தேரிக்காட்டாள்

அனைவருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். ஆசிரியர் தகுதித் தேர்விலும் அதன்பின் நடந்த நியமனத் தேர்விலும் தேறி, மூன்று மாதங்களுக்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணியேற்றேன். கலந்தாய்வு அன்று திரையில் எஞ்சியிருந்த இடங்களுள் ஓசூர் ஒன்றுதான் நான் முன்பே கேள்விப்பட்ட பெயர். அதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன். வேறு கணக்கு எதுவும் போடவில்லை.

தூத்துக்குடியில் மாலையில் மைசூரு விரைவு வண்டி ஏறி, விடியும் முன் ஓசூரில் இறங்கியபோது பல் கிட்டியது. எங்கள் ஊரில் போர்வை என்பது கொசுவுக்காகப் போர்த்துவது. ஓசூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிக்காமல் முழங்காலில் படித்தேன். தற்போது பெண்கள் விடுதி ஒன்றில், ஆலைக்குப் போகும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறேன். அவர்களுக்கு முறை வேலை என்பதால் அறையில் எப்போதும் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார். பாடக்குறிப்பு எழுதக்கூட விளக்கைப் போட இயலாது. தனி வீடு பார்க்கலாம் என்றால், 7,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார்கள். எனக்கோ இன்னும் முதல் மாத ஊதியமே வரவில்லை. அம்மா நகையை அடகு வைத்து அனுப்பிய பணத்தில்தான் நாள் ஓடுகிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் உண்மையான சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் என் பொறுப்பில் உள்ளன; மொத்தம் 28 பிள்ளைகள். அவர்களுள் 17 பேர் வீட்டில் தெலுங்கும், ஐந்து பேர் கன்னடமும் பேசுகிறவர்கள். இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். எஞ்சிய நால்வர்தாம் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வருகிறார்கள். அந்த நால்வருக்கும்கூட என் தமிழ் விளங்கவில்லை. முதல் நாள் இடைவேளை முடிந்ததும் ‘வெரசா வாங்க’ (விரைவாக வாருங்கள்) என்று கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை.

இந்தப் பதிவை எழுத வைத்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பில் ஒரு சிறுமி யாரோடும் பேசாமல் மூலையில் அமர்ந்திருப்பாள். ஒரு நாள் மாலை அவளுடன் தெருமுனை வரை நடந்து, ‘வீட்டில் யாரம்மா இருக்கிறார்கள், அம்மா இருக்கிறார்களா?’ என்று கேட்டேன். அவள் கையை நீட்டி, ‘மா இல்லு’ என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. தாயில்லாப் பிள்ளை என்று நினைத்து, மறுநாளிலிருந்து அவளை என் அருகிலேயே உட்கார வைத்துத் தலை வாரிவிட்டேன், ரிப்பன் வாங்கிக் கட்டினேன், காலை உணவின்போது பக்கத்தில் நின்று ஊட்டாத குறையாக உண்ண வைத்தேன். நான்காம் நாள் காலையில் கையில் ரோஜா முள் கீறிய தழும்புகளோடு ஒரு பெண் வந்து, என் பிள்ளையிடம் ஏன் இவ்வளவு தனிக்கவனம் என்று கேட்டார். அவர்தான் அந்தச் சிறுமியின் தாய். ‘மா இல்லு’ என்றால் ‘எங்கள் வீடு’ என்று பொருளாம். தலைமையாசிரியர் அன்று முழுவதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை தன் வீட்டைக் காட்டியதைக்கூடப் புரிந்துகொள்ளாத நான் அவளுக்கு எப்படி எழுத்தறிவிப்பேன் என்ற அச்சம்தான் வந்தது.

என் கேள்விகள் இவை. தமிழ்வழிப் பள்ளியில், தமிழ் கற்பிக்க நியமிக்கப்பட்டவள், பிள்ளைகளின் தெலுங்கைக் கற்றுக்கொள்வது சரியா, அல்லது அது அவர்கள் தமிழ் கற்பதைத் தாமதப்படுத்துமா? ஊதியம் வரும்வரை எப்படிச் சமாளிப்பது? அடுத்த கலந்தாய்விலேயே ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டுவிடுவது நல்லதா?


மறுமொழி 1: கேளமங்கலம் வாத்தியார்

சகோதரிக்கு வணக்கம். நான் திருவாரூர்க்காரன். இந்தப் பகுதியில் பணியேற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் முதல் வாரத்தில் வகுப்பை முடித்துவிட்டுப் ‘புத்தகத்தை மூடு’ என்றேன். முன்வரிசையில் இருந்த பையன் மூன்று விரல்களைக் காட்டினான். தெலுங்கில் ‘மூடு’ என்றால் மூன்று. அவன் என்னைக் கேலி செய்கிறான் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். அவன் அதன்பின் பல வாரங்கள் எனக்குப் பதிலே சொல்லவில்லை. அவன் இப்போது பொறியியல் பட்டயம் படித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறான், என்னைப் பார்த்தால் இன்றைக்கும் மூன்று விரலைக் காட்டுகிறான் என்பது வேறு கதை.

உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தெலுங்கில் பாடம் நடத்துவதற்காக அன்று. பிள்ளை என்ன சொல்கிறது என்பது உங்கள் காதில் விழ வேண்டும், அதற்காக. நான் செய்த தவறு, ‘உட்கார்’, ‘எழுது’, ‘படி’ ஆகிய சொற்களுக்குத் தெலுங்கு கேட்டு மனப்பாடம் செய்ததுதான். அவை ஆசிரியருக்கு வேண்டிய சொற்கள். கையைக் காட்டினாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். முதலில் வேண்டியவை பிள்ளை தானாக வந்து சொல்லும் சொற்கள். ‘நொப்பி’ என்றால் வலி. ‘ஆகலி’ என்றால் பசி. ‘நீள்ளு’ என்றால் தண்ணீர். வயிற்று வலிக்குக் ‘கடுப்பு நொப்பி’ என்பார்கள். நாம் கடுப்பு என்பதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டு, பிள்ளை சினத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இப்படி முப்பது சொற்கள் தெரிந்தால் போதும். ஒரு மாதத்தில் காது பழகிவிடும். கன்னடப் பிள்ளைகள் உணவு போதும் என்பதற்குச் ‘சாக்கு’ என்பார்கள், நீங்கள் கோணிப்பையைத் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

தமிழ் கற்பது தாமதமாகுமா என்று கேட்டீர்கள். என் பட்டறிவில் நேர்மாறாகத்தான் நடந்தது. ஒரு பிள்ளை ‘பில்லி’ என்று சொல்லும்போது, ‘தவறு, பூனை என்று சொல்’ என்றால் அது வாயை மூடிக்கொள்கிறது. ‘ஆமாம், பில்லிதான், தமிழில் பூனை’ என்றால் அடுத்த படத்துக்குத் தானே தாவுகிறது. சுவரில் ஒரு தாளை ஒட்டி, படத்துக்குக் கீழே தமிழ்ச்சொல்லை மட்டும் எழுதுங்கள். அதன் தெலுங்கையும் கன்னடத்தையும் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும். ஒடிசாப் பிள்ளைகளின் சொல்லையும் கேளுங்கள். என் வகுப்பில் அப்படிப்பட்ட பையன் ஒருவன் ஆண்டு முழுவதும் மௌனமாக இருந்தவன். அவனுடைய மொழியில் பூனைக்கு என்ன பெயர் என்று நான் கேட்ட அன்றுதான் முதன்முதலில் வாய் திறந்தான்.

2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ் பேசத் தெரியாத பிள்ளையைக் கற்றலில் பின்தங்கிய பிள்ளை என்று கருதி அரும்பிலேயே வைத்துவிடுவது இந்த வட்டாரத்தில் எளிதில் நேரும் பிழை. கணக்கில் அதே பிள்ளை மலராக இருக்கும். பாடந்தோறும் தனித்தனியே பாருங்கள். வீட்டில் தமிழும் தெலுங்கும் இரண்டும் புழங்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்து ஒவ்வொரு குழுவிலும் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். நான் மூன்றாண்டுகள் ஒரு சிறுமியின் மொழிபெயர்ப்பில்தான் பிழைத்தேன்.


மறுமொழி 2: மத்திகிரிக்காரன்

நான் ஆசிரியன் அல்லன். ஆனால் உங்கள் வகுப்பில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. படித்தது தமிழ்வழி. இந்தப் பதிவை எழுதுவதும் அந்தத் தமிழில்தான்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு செய்தி. வெளியூரிலிருந்து வரும் பலர் எங்களை எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்கள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். நாங்கள் பல தலைமுறைகளாக இங்கேயே இருக்கிறோம். மாவட்டத்தின் பெயர்தான் எங்களைச் சுற்றி மாறியது. சேலம் மாவட்டமாக இருந்தது 1965இல் தருமபுரி ஆயிற்று, 2004இல் கிருஷ்ணகிரி ஆயிற்று. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆந்திரமும் கருநாடகமும் கூப்பிடு தொலைவில் இருக்கும் இந்த முக்கில், சந்தையில் நின்றால் ஒரே பேரத்தில் மூன்று மொழி கேட்கும். அதில் யாருக்கும் வியப்பில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமாக வந்தது. அதைப் பற்றி எங்கள் பகுதியில் வழக்கும் வாதமும் நடந்ததுண்டு. அந்த விவாதத்தை இங்கே இழுக்க நான் விரும்பவில்லை. தமிழ்வழியில் சேர்க்கும் பெற்றோர் தமிழ் வேண்டும் என்றுதான் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது ‘மா இல்லு’ பற்றி. நீங்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ‘இல்’ என்றால் வீடு என்பது உங்கள் தமிழ்தானே? இல்லம், இல்லாள், இல்லறம் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. சங்கப் பாட்டைப் படித்த ஒருவருக்கு அந்தச் சிறுமி சொன்னது உடனே விளங்கியிருக்கும். எங்கள் எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் இந்த வித்தையைத்தான் செய்தார். ‘உங்கள் வீட்டில் சொல் என்பதற்குச் செப்பு என்கிறீர்களே, அதை நாங்கள் செய்யுளில் ஒளித்து வைத்திருக்கிறோம்’ என்பார். சோறு போதும் என்பதற்கு நாங்கள் ‘சாலு’ என்போம். சால் என்ற வேருக்கு நிறைதல் என்று பொருள் சொல்லி, சால்பு, சான்றோர் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அதுவரை தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்தாருடைய மொழியாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், நீ பேசுவதில் பாதி செய்யுள் என்று சொன்னேன். அவர் சங்கட்டிக் களியைக் கிண்டிக்கொண்டே, அப்படியென்றால் எனக்கும் மார்க்கு போடச் சொல் என்றார்.

வீட்டைப் பற்றி. ஓசூர் நகருக்குள் சிப்காட் தொழிற்பேட்டைப் பணியாளர்களோடு போட்டி போட்டால் உங்களுக்குக் கட்டுபடியாகாது. அட்வான்ஸ் கேட்பதிலும் இங்கே பெங்களூருக் காற்று வீசுகிறது. தரகரை விட்டுவிடுங்கள். பள்ளி இருக்கும் ஊரிலேயே கேளுங்கள். டீச்சருக்கு வீடு வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அட்வான்ஸ் பாதியாகக் குறையும். அந்தச் சிறுமியின் தாய் ரோஜாப் பண்ணையில் வேலை செய்பவர் என்று ஊகிக்கிறேன். ‘தாஜ்மகால்’ ரோஜா வெட்டுவதற்கு விடியும் முன்பே போக வேண்டும். அதனால்தான் பிள்ளை காலையில் தலை வாராமல் வந்திருக்கும். அவரிடமே கேட்டுப் பாருங்களேன். சண்டைக்கு வந்தவர்போல் தோன்றியிருக்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் நன்றி சொல்ல வரும்போதும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.


மறுமொழி 3: பணிப்பதிவேடு

அம்மா, நான் வட்டாரக் கல்வி அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊதியம் குறித்து மட்டும் சொல்கிறேன்.

புதிய நியமனத்தில் முதல் ஊதியம் தாமதமாவது வழக்கமாகிவிட்டது. யாரும் உங்களைக் குறிவைத்துச் செய்வதில்லை. பணியேற்பு அறிக்கை, மருத்துவத் தகுதிச் சான்று, பணிப்பதிவேடு தொடங்குதல், ஓய்வூதியத் திட்ட எண் பெறுதல், ஊதியம் போடும் ‘களஞ்சியம்’ என்ற அரசு மென்பொருளில் உங்கள் பெயர் ஏறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நின்றாலும் பட்டியல் நின்றுவிடும். ‘எப்போது வரும்’ என்று கேட்காதீர்கள், அதற்கு ‘வரும்’ என்ற ஒரே விடைதான் உண்டு. ‘எது நிலுவையில் இருக்கிறது’ என்று கேளுங்கள். அதற்கு எழுத்தர் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். கேட்டதை ஒரு கடிதமாக எழுதித் தலைமையாசிரியர் வழியாக அனுப்பி, நகலில் நாளிட்ட கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதியம் பணியேற்ற நாளிலிருந்து கணக்கிடப்பட்டு நிலுவையோடு சேர்ந்து வரும். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. ஆகவே வட்டிக்கடையில் பெரிய கடன் வாங்க வேண்டாம். நகை அடகு வைத்தது தனியாரிடம் என்றால், இயன்றால் கூட்டுறவு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். சான்றிதழ்களின் உண்மைத்தன்மை அறியும் கடிதங்கள் அனுப்பப்பட்டுவிட்டனவா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டாண்டுத் தகுதிகாண் பருவம் முடியும்போது அந்தக் கடிதம் இல்லை என்று சொல்லி நிறுத்தப்பட்ட கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே நிறுத்தியிருக்கிறேன்.


மறுமொழி 4: திரும்பி வந்தவள்

இங்கே எல்லோரும் அந்த ஊரிலேயே இருந்துவிடச் சொல்வதுபோல் இருப்பதால், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அதே ஒன்றியத்துக்குப் போய், நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு மனமொத்த மாறுதலில் (இரண்டு ஆசிரியர்கள் பேசிவைத்து இடம் மாற்றிக்கொள்வது) ஊர் திரும்பியவள். அதற்காக நான் வருந்தவில்லை. என் தந்தைக்கு உடல்நலம் குன்றியபோது, மைசூரு – தூத்துக்குடி வண்டியில் இடம் கிடைக்காமல், சேலம், மதுரை என்று பேருந்து மாறி மாறி நின்றுகொண்டே வந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பில், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க எத்தனை நாள் மிஞ்சும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

எனவே மாறுதல் கேட்பதைக் குற்றமாக எண்ணாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் காலியிடம் வருவது அரிது. அதனால் பொதுக் கலந்தாய்வை மட்டும் நம்பாமல், தென் மாவட்டத்தில் பணிபுரியும் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் யார் யார் என்று இப்போதிருந்தே விசாரித்து வையுங்கள். நான் அப்படித்தான் ஒருவரைக் கண்டுபிடித்தேன். தொடர்வண்டி முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த நாளை நாள்காட்டியில் வட்டமிட்டுக் காலை எட்டு மணிக்கே அமர்ந்துவிடுங்கள். இன்னொன்று: கிளம்பும் ஆண்டை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஜனவரியில் சொன்னேன். ஏப்ரல் வரை அவர்கள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.


தேரிக்காட்டாள் (ஐந்து வாரங்கள் கழித்து)

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பணிப்பதிவேடு ஐயா சொன்னபடி ‘எது நிலுவையில் இருக்கிறது’ என்று கேட்டேன். மருத்துவச் சான்றில் என் பெயரின் முன்னெழுத்து விடுபட்டிருந்ததாம். ஒரே ஓர் எழுத்து! மூன்று மாதமாக யாரும் சொல்லவில்லை. திருத்திக் கொடுத்தாயிற்று; அடுத்த மாதப் பட்டியலில் பெயர் வரும் என்கிறார்கள். வந்தால் எழுதுகிறேன்.

திரும்பி வந்தவள் அக்காவுக்கு: விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஓட்டப்பிடாரத்தில் ஒரு ஆசிரியர் தருமபுரிக்காரர் என்று தெரிகிறது. ஆனால் பேசி வைக்க மனம் வரவில்லை. இந்தக் கல்வியாண்டு முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவர்த்தாள் ஒட்டியாயிற்று. ஒடிசாப் பையன்களுள் மூத்தவன் பூனைக்குப் ‘பிலேயி’ என்றான். தெலுங்குப் பிள்ளைகள் ‘பில்லி, பிலேயி’ என்று கைதட்டி அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அரும்பில் வைத்திருந்த மூன்று பேரைக் கணக்கில் மொட்டுக்கு மாற்றினேன். ‘வெரசா’ இப்போது வகுப்பு முழுவதற்கும் தெரியும். கன்னடச் சிறுவன் ஒருவன் நேற்று தலைமையாசிரியரிடமே ‘வெரசா வாங்க சார்’ என்று சொல்லிவிட்டான்.

வீடு கிடைத்துவிட்டது. மத்திகிரிக்காரர் ஊகித்தது சரிதான். அந்தத் தாய்தான் தம் கொழுந்தனாரின் காலி வீட்டைப் பேசி முடித்தார். வாடகை 3,500 ரூபாய், அட்வான்ஸ் 15,000 ரூபாய், அதுவும் ஊதியம் வந்தபிறகு கொடுத்தால் போதுமாம். ஓட்டு வீடு, குளியலறை வெளியே, காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் பாயையும் இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, ‘மீ இல்லு இதேனா, டீச்சர்?’ என்று கேட்டாள். ‘அவுனு’ (ஆமாம்) என்றேன். என் உச்சரிப்பு சரியில்லை போலும். அவள் ‘அவுனு, அவுனு’ என்று இரண்டு முறை சொல்லிக் காட்டி, என்னையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனாள்.